ஜெட்டை என்ன செய்வது?

எல்லோரும் ஒரே கேரக்டரையே எடுத்து ஆடுகிறார்களா? அப்படியென்றால் அதற்குப் பலம் அதிகம். பலத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆன்லைன் கேம் பக்கமே போகாதவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற பதில் இதுதான். நியாயமான பதில்தான். கேம் செய்கிறவர்களே பல தடவை அப்படி நினைத்துத்தான் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரபலம் வேறு, பலம் வேறு. இரண்டும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்க்காமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. நிதானமாகவே பார்ப்போம்.

வாலரன்ட் என்ற கேம். அமெரிக்காவின் ரியாட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்டது. அணிக்கு ஐந்து பேர். ஒரு அணி ஸ்பைக் என்ற வெடிகுண்டை ஓர் இடத்தில் வைத்து வெடிக்கச் செய்ய வேண்டும். மற்ற அணி தடுக்க வேண்டும். பாதியில் பக்கம் மாறுவார்கள். முதலில் 13 ரவுண்டு எடுக்கிற அணிக்கு ஆட்டம். துப்பாக்கிகள் எல்லோருக்கும் பொது. வித்தியாசம் எல்லாம் ஏஜென்ட்டில். ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கும் கேரக்டருக்கு அங்கே ஏஜென்ட் என்று பெயர். ஒருவர் புகை போடுவார், ஒருவர் சுவர் எழுப்புவார், ஒருவர் காயம் ஆற்றுவார். ஒரே அணியில் இரண்டு பேர் ஒரே ஏஜென்ட்டை எடுக்க முடியாது.

இந்தக் கடைசி விதிதான் முக்கியம். தேர்வுத் திரை திறந்ததும் ஜெட் என்ற ஏஜென்ட் மேல் நான்கைந்து பேர் பாய்வார்கள். யார் விரல் முந்துகிறதோ அவருக்கு ஜெட். இதை இன்ஸ்டாலாக் என்பார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே வேறு ஏஜென்ட்டுக்குப் போவார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அணிக்குள் ஒரு கசப்பு விழுந்துவிடும். ஒரு கேரக்டர் மிதமிஞ்சிப் பிரபலமானால் முதல் சேதாரம் எதிரணிக்கு இல்லை, சொந்த அணிக்குத்தான்.

ஜெட் கொரியாவைச் சேர்ந்தவள் என்று கதை. காற்று அவள் சொல்படி கேட்கும். மேலே எழும்புவாள், மிதந்து இறங்குவாள், புகை உருண்டையை எறிந்து அதைக் காற்றிலேயே வளைத்துத் திருப்புவாள், கத்திகளை வீசுவாள். எல்லாவற்றுக்கும் மேல் அந்த டேஷ்: ஒரு பட்டனைத் தொட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் சில மீட்டர் தள்ளிப் போய்விடுவாள். வாலரன்ட்டில் மற்றவர்கள் கால் ஊன்றி, மூலை மூலையாகப் பார்த்து, மெல்ல நடந்து ஆட வேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கேயோ போகும். அப்படிப்பட்ட இறுக்கமான ஆட்டத்தில் உடம்பை இஷ்டத்துக்கு ஆட்டுகிற சுகத்தை இவள் தருகிறாள். யாருக்குத்தான் பிடிக்காது?

பெரிய மேடைகளும் சேர்ந்துகொண்டன. 2021 மே மாதம் ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் சென்டினல்ஸ் அணி ஒரு ஆட்டம் கூட இழக்காமல் ஜெயித்தது. அந்த அணியின் டென்ஸ் ஜெட் ஆடிய வீடியோக்கள் உலகமெல்லாம் சுற்றின. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் முதல் சாம்பியன்ஸ் கோப்பையை அசெண்ட் அணி எடுத்தது. அதன் நட்சத்திரம், துருக்கியின் சிநெட், ஜெட்டுக்கும் தொலைநோக்கித் துப்பாக்கிக்கும் பேர்போனவர். ஒரே ஆண்டில் இரண்டு பெரிய கோப்பைகள், இரண்டிலும் ஜெட். அதைப் பார்த்த பதினைந்து வயதுப் பிள்ளை வேறு யாரை எடுக்கும்?

சரி, ஜெட் உண்மையிலேயே அளவுக்கு மீறிய பலசாலியா? வெற்றி சதவீதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பீர்கள். வின் ரேட் என்று எல்லோரும் கையில் வைத்திருக்கும் அந்த எண் இங்கேதான் ஏமாற்றுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கற்பனை எண்கள்தான், ஆனால் கணக்கு நிஜம். நூறு ஆட்டங்கள். ஜெட் அவ்வளவு பிரபலம் என்பதால் எண்பது ஆட்டங்களில் இரண்டு அணியிலும் ஜெட் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்பதிலும் ஒரு ஜெட் ஜெயிப்பாள், ஒரு ஜெட் தோற்பாள். எண்பது வெற்றி, எண்பது தோல்வி. அவள் எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் இங்கே சரிபாதிதான் வரும், வேறு வழியே இல்லை. மிச்சம் இருபது ஆட்டங்களில் ஒரு அணியில் மட்டும் ஜெட். அதில் அவள் பக்கம் பன்னிரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. இப்போது கூட்டுங்கள்: 180 தடவை எடுக்கப்பட்டிருக்கிறாள், 92 தடவை ஜெயித்திருக்கிறாள். வின் ரேட் 51 சதவீதம். பார்ப்பதற்கு மிகச் சாதாரணம். ஆனால் ஜெட் இருக்கிற அணியும் இல்லாத அணியும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் அவளுடைய வெற்றி 60 சதவீதம்! பிரபலம் ஏற ஏற அவளுடைய பலம் ஐம்பதுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒரே கேரக்டர் இருந்த ஆட்டங்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

இன்னொரு திரையும் உண்டு. பிரபலமான கேரக்டரைக் கற்றுக்குட்டிகளும் எடுப்பார்கள். பழகாதவர் கையில் ஜெட் தேவையில்லாமல் முன்னால் பாய்ந்து முதல் ஆளாகச் செத்துப்போவாள். அந்தத் தோல்விகளும் அவள் கணக்கில்தான் ஏறும். ரியாட்டின் மூத்த கேமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் யாசுவோ என்ற வாள்வீரன் இதே ரகம். 2013 டிசம்பரில் வந்தான். ஆளாளுக்கு எடுப்பார்கள், ஆளாளுக்குத் திட்டுவார்கள். அவனைத் தடை செய்வதற்கே தங்கள் வாய்ப்பைச் செலவழிப்பவர்களும் ஏராளம். ஆட்டத்துக்கு முன் ஆளுக்கு ஒரு கேரக்டரைத் தடை செய்ய அந்த கேமில் உரிமை உண்டு. வாலரன்ட்டின் வழக்கமான ஆட்டங்களில் அந்த உரிமை இல்லாமல்தான் ஜெட்டின் காலம் போயிற்று.

இந்தத் திரைகளை விலக்கத்தான் 2019-ல் ரியாட் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு ஓர் அளவுகோலை வெளிப்படையாக வைத்தது. ஆடுகிறவர்களை நான்கு அடுக்காகப் பிரித்தார்கள்: சாதாரண ஆட்டக்காரர்கள், தேர்ந்தவர்கள், உச்சத்தில் இருப்பவர்கள், தொழில்முறை வீரர்கள். எந்த ஒரு அடுக்கில் எல்லை மீறினாலும் அந்தக் கேரக்டர் அதிக பலசாலி என்று கொள்ளப்படும். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று: மற்றவர்கள் ஒரு கேரக்டரைத் தடை செய்யத் தடை செய்ய, அதற்கு அனுமதிக்கப்படும் வெற்றி சதவீதம் இறங்கும். மக்களின் எரிச்சலையும் ஒரு கணக்காக மதித்திருக்கிறார்கள். எதிரே நின்று ஆடுவதே வேதனை என்று இத்தனை பேர் சொன்னால், எண் சரியாக இருந்தாலும் விஷயம் சரியில்லை.

மறுபடி ஜெட்டுக்கு வருவோம். அவளிடம் எது பிரச்சினை என்று தெரிய, ஆப்பரேட்டர் என்ற துப்பாக்கியைப் பற்றித் தெரிய வேண்டும்.

கேமிலேயே விலை உயர்ந்த துப்பாக்கிகளில் ஒன்று அது. இன்றைய விலை 4,700 கிரெடிட். தொலைநோக்கியில் பார்த்து மார்பில் ஒரு குண்டு, எதிரி காலி. ஆனால் ஒரு குண்டு போனால் அடுத்த குண்டு வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் நிராயுதபாணி மாதிரி. குறி தப்பினால் செத்தீர்கள். குறி தப்பாவிட்டாலும், செத்தவனின் கூட்டாளி பின்னாலேயே வந்து உங்களைச் சுட்டுவிடுவான். இதை ட்ரேட் என்பார்கள்: ஓர் ஆள் போனால் ஓர் ஆளை எடுப்பது. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தின் ஆதாரப் பாடமே அதுதான். இரண்டு பேர் ஒட்டி நடப்பார்கள், முன்னவன் விழுந்தால் பின்னவன் பழி வாங்குவான். ஆப்பரேட்டரின் நிஜ விலை 4,700 இல்லை, இந்த ஆபத்துதான்.

ஜெட் கையில் அந்த ஆபத்து இல்லை. மூலையில் இருந்து எட்டிப் பார்க்கிறாள், சுடுகிறாள். குண்டு பட்டதோ படவில்லையோ, விரல் டேஷ் பட்டனில். பின்னால் வந்த கூட்டாளி துப்பாக்கியைத் திருப்பும் நேரத்தில் அவள் சுவருக்கு அந்தப் பக்கம். ஓர் ஆளைக் கொடுத்துவிட்டு எதிரணிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. கண்கூச வைக்கும் ஃபிளாஷ் போட்டாலும் டேஷ், இரண்டு பேராகச் சேர்ந்து பாய்ந்தாலும் டேஷ். சரியாக ஆடுகிற எதிராளிக்கும் சரியான பதில் இல்லாமல் போகும் இடம் இதுதான். மேலே எழும்புவது, மிதப்பது, கத்தி வீசுவது எல்லாம் அழகு. யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. அளவு மீறியது இந்த ஒரு கணம் மட்டுமே.

2022 ஏப்ரலில் வந்த 4.08 பேட்ச், அதாவது கேமில் செய்த திருத்தம், அந்தக் கணத்தைத்தான் தொட்டது. டேஷின் வேகத்தைக் குறைக்கவில்லை, தூரத்தைக் குறைக்கவில்லை. முன்பு பட்டனைத் தொட்டால் உடனே பாய்ச்சல். இனிமேல் முதலில் ஒரு தடவை தொட்டு டேஷைத் தயார் செய்ய வேண்டும். சிறு தாமதத்துக்குப் பிறகு 12 நொடி அவகாசம் திறக்கும். அதற்குள் மறுபடி தொட்டால் பாய்ச்சல். அவகாசம் தீர்ந்துவிட்டால் டேஷ் போச்சு. இரண்டு பேரை வீழ்த்தினால்தான் திரும்பக் கிடைக்கும். அதாவது எதிரி வந்த பிறகு தப்பலாமா என்று யோசிக்க முடியாது. எதிரி எப்போது வருவான் என்று முன்கூட்டிக் கணித்து, டேஷைப் பணயம் வைக்க வேண்டும். எதிரணிக்கும் ஒரு பதில் பிறந்தது: சத்தம் காட்டி ஏமாற்றலாம், 12 நொடி பொறுத்திருக்கலாம். பாய்ச்சல் அதே பாய்ச்சல்தான். அது தரும் உத்தரவாதம்தான் போயிற்று.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1932-33 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மேனை அடக்க உடம்பைக் குறிவைத்து வீசி, லெக் பக்கம் ஆட்களைக் குவித்தது. பாடிலைன் என்று இன்றும் அதைப் பேசுகிறார்கள். சட்டம் திருத்தியபோது பவுன்சரையே ஒழித்துவிடவில்லை. நேரடித் தாக்குதலுக்குத் தடை வந்தது. பிறகு 1957-ல் லெக் பக்கம் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு ஃபீல்டருக்கு மேல் நிற்கக் கூடாது என்று வந்தது. பவுன்சர் இன்றும் இருக்கிறது. அதை அடிக்கவோ விடவோ பேட்ஸ்மேனுக்கும் வழி இருக்கிறது.

இனி கதையின் அடுத்த பாதி. ஜெட்டைத் தொட்டதும் ஆப்பரேட்டர் பிடிக்கிறவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? சேம்பரிடம்.

சேம்பர் 2021 நவம்பரில் வந்தவன். பிரெஞ்சுக்காரன், கோட்டு சூட்டு, தங்க வேலைப்பாடு கொண்ட சொந்தத் துப்பாக்கிகள். பெயரளவில் அவன் காவல் வகை. இடத்தைக் காப்பது வேலை. ஆனால் அவனிடம் இரண்டு ஆங்கர்கள் இருந்தன. தரையில் வைத்துவிட்டு, ஒன்றின் அருகில் நின்று எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டு, மற்றதற்குத் தாவிவிடலாம். ஜெட்டிடம் இருந்து பிடுங்கிய அதே உத்தரவாதம் இவனிடம் அப்படியே இருந்தது. போதாததற்கு முதுகைக் காக்க ஒரு பொறியும் உண்டு. 2022 நடுவில் தொழில்முறை ஆட்டங்களில் எங்கு பார்த்தாலும் சேம்பர்தான். ஒரு கேரக்டரைக் குறைக்கும்போது, அவர் விட்டுப்போகும் இடத்தில் யார் வந்து உட்காருவார் என்றும் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அன்று அது தவறிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

2022 ஆகஸ்ட்டில் சேம்பரின் விலைகளும் காத்திருப்பு நேரங்களும் கூட்டப்பட்டன. போதவில்லை. டிசம்பரில் 5.12 பேட்ச்சில் நான்கு திறன்களிலும் கை வைத்தார்கள். இரண்டு ஆங்கர் ஒன்றாயிற்று. பொறி வேலை செய்ய அவன் அருகில் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. கைத்துப்பாக்கியும் மாறியது, பெரிய துப்பாக்கி சுடும் வேகமும் குறைந்தது. அதோடு போட்டிகளில் அவன் காணாமல் போனான். உச்சத்தில் இருந்தவன் சில வாரங்களில் ஆளில்லாத கடை. அடுத்த ஆண்டு, பறித்ததில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

ஜெட்டுக்கு அப்படி ஆகவில்லை. 4.08-க்குப் பிறகும் பிள்ளைகள் அவளைத்தான் பாய்ந்து எடுத்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சேம்பரை எடுத்தவர்களில் பெரும்பாலோர் அவன் ஜெயித்துக் கொடுக்கிறான் என்பதற்காக எடுத்தார்கள். பலம் போனதும் கூட்டம் கலைந்தது. ஜெட்டை எடுப்பவர்கள் அவளாக ஆடுவதற்காகவே எடுக்கிறார்கள். முதல் வகைப் பிரபலம் காய்ச்சல் மாதிரி மருந்து கொடுத்தால் இறங்கும். இரண்டாவது வகைக்கு மருந்தே தேவையில்லை. அது கேம் செய்தவர்கள் சம்பாதித்த சொத்து. எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்ற பிக் ரேட் எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே கத்தரியால் வெட்டுவது பெரிய பிழை.

அந்தப் பிழை ஜெட்டிடமும் ஓரளவு நடந்தது என்பது என் கருத்து. 2023 ஆகஸ்ட் கடைசியில் வந்த 7.04 பேட்ச்சில் டேஷ் அவகாசத்தை 12 நொடியில் இருந்து 7.5 ஆக்கினார்கள். சேம்பர் விழுந்த பிறகு ஆப்பரேட்டர் மறுபடி ஜெட்டிடம் வந்து சேர்ந்திருந்ததால் அதை ஏற்கலாம். ஆனால் கூடவே, மேலே எழும்பும் வாய்ப்பை ரவுண்டுக்கு இரண்டில் இருந்து ஒன்றாகக் குறைத்தார்கள். எழும்பியவளை எதிரி சுட்டு வீழ்த்த எப்போதும் வழி இருந்தது. வானத்தில் மிதக்கிறவள் சுலபமான இலக்கு. அங்கே குறைத்தது ஆட்டத்தின் அநீதியை இல்லை, ஆடுகிறவரின் சந்தோஷத்தை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். வாலரன்ட்டில் விற்பனை பெரும்பாலும் துப்பாக்கிகளின் அலங்காரத்தில்தான். ஜெட் விழுந்தாலும் வாங்கிய அலங்காரத் துப்பாக்கி கையில் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் நன்றாக அறிந்த ஃப்ரீ ஃபயரில் நிலைமை வேறு. அங்கே கேரக்டரையே வைரம் (காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம்) கொடுத்து வாங்கிய காலம் உண்டு. 2020 டிசம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்து க்ரோனோ என்ற கேரக்டரை இறக்கினார்கள். சுற்றிலும் ஒரு கவசம் எழும்பும், வெளியில் இருந்து வரும் குண்டை அது தடுக்கும், உள்ளே இருந்தபடி சுடலாம். எங்கும் க்ரோனோ ஆனான். அடுத்த ஆண்டே கவசத்தை மறுபடி எழுப்பக் காத்திருக்கும் நேரத்தை வெகுவாகக் கூட்டினார்கள். ஆட்டத்துக்கு அது நல்லதுதான். ஆனால் சேர்த்துவைத்த பணத்தைக் கொடுத்து வாங்கிய பிள்ளைக்கு, நேற்று விற்ற பொருளை இன்று கடைக்காரரே வந்து பாதி உடைத்துவிட்டுப் போவதாகத்தான் இருக்கும். கேரக்டரைக் காசுக்கு விற்கிற கேம், விற்பதற்கு முன்பே அளவு பார்த்திருக்க வேண்டும். பிற்பாடு குறைப்பதாக இருந்தால் வைரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை.

பேட்ச் என்ற வசதியே இல்லாத காலமும் இருந்தது. 1994-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அகூமா என்ற ஒளித்துவைத்த கேரக்டர் அந்தரத்தில் இருந்தே நெருப்புருண்டை வீசுவான்; எதிராளிக்குப் பிழைக்க வழியே இல்லை. மெஷினில் ஏற்றியதை மாற்ற முடியாதே. போட்டி நடத்துகிறவர்களே அவனை ஒதுக்கிவைத்தார்கள். 2008-ல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் மெட்டா நைட் என்ற கேரக்டரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டு, 2011-ல் ஒரு விதிக்குழு ஓட்டெடுத்துத் தடை செய்தது. அப்போதும் சண்டை ஓயவில்லை. முழுத்தடை என்பது அவ்வளவு கனமான ஆயுதம். அந்தக் கேரக்டரோடு பல ஆண்டு பழகிய கைகளையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும்.

இன்று ஒரு இரவில் உலகம் முழுக்க மாற்றிவிடலாம். அதுவே அவசரத்துக்கும் இடம் கொடுக்கிறது. ரியாட் இந்த விஷயத்தில் காட்டிய ஒரு பொறுமையைப் பாராட்ட வேண்டும்: 4.08 வந்தது 2022-ன் ரேக்யவிக் மாஸ்டர்ஸ் முடிந்த பிறகு, 7.04 வந்தது 2023 சாம்பியன்ஸ் முடிந்த பிறகு. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த வீரனின் காலடியில் இருந்து போட்டிக்கு முந்தைய நாள் விரிப்பை இழுக்கவில்லை.

கேம் வடிவமைப்பைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 4.08, 5.12 இரண்டு பேட்ச் குறிப்புகளும் ரியாட்டின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்தடுத்து வைத்துப் படிக்கட்டும். எந்தத் திறனை, எந்தக் காரணத்துக்காகத் தொட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதட்டும். பிறகு தங்களுக்கு மிகவும் பிடித்த கேரக்டரை எடுத்துக்கொண்டு, எதிராளியின் இடத்தில் உட்கார்ந்து, இதற்கு என்னிடம் பதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கட்டும்.